நான் கூப்பிட்டு வந்த மழை

நம் வானிலை நிலையத்தின் பின்னறை அலமாரியில் காதர் உப்பு போட்டு வைத்திருக்கும் பீங்கான் ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல், அந்த ஜாடியைத் திறந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நாலு மாதமாக ஒரு சொட்டு மழை கிடையாது. மணல் காலைச் சுடுகிறது. கருவேல முள்கூட வெளுத்துப் போய்விட்டது. அப்படிப்பட்ட நாளில் ஜாடிக்குள் பார்த்தால் உப்பு கரைந்து தண்ணீராக நிற்கிறது! யாரும் ஊற்றவில்லை. கடல்காற்றிலிருந்து அதுவே உறிஞ்சிக்கொண்டது.

மேசைமேல் நான் போட்டுக்கொண்டிருந்த படம் கிடந்தது. இந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் மழைப் பதிவேடுகளையெல்லாம் தூசி தட்டி எடுத்து, வருஷத்துக்கு ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தேன். கோடு அலையாகப் போயிற்று. சில வருஷம் ஏற்றம், சில வருஷம் பள்ளம், மறுபடி ஏற்றம். இந்த ஜில்லாவின் விளைச்சலும் பஞ்சமும் ஏதோ ஒன்று தூங்கிக்கொண்டே மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கின. எங்கோ பல்லாயிரம் மைலுக்கு அப்பால் கடலும் காற்றும் சேர்ந்து சுற்றும் சுற்று அது. நாங்கள் பள்ளத்தின் அடியில் இருந்தோம்.

படத்தைப் பார்த்தேன், ஜாடியைப் பார்த்தேன். காற்றில் தண்ணீர் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க உப்புக்குத் தெரிகிறது. அந்த உப்பை மேகத்துக்கே அனுப்பினால் என்ன? பள்ளத்தை மனிதன் கை கொடுத்துத் தூக்க முடியாதா?

“காதர்! இந்தச் சுற்றையே உடைச்சுப்புடலாம்டா!”

காதர் சாப்பாட்டுத் தட்டோடு நின்றான். “மொதல்ல மீன் கொழம்புக்கு உப்பு குடு மாப்ளே. மேகத்துக்கு அப்பறம் குடுப்போம்.”

இந்த மாதம் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இருபத்தெட்டு வயது. பணி அனுபவமெல்லாம் பென்ஷன் வாங்கியவர்கள் எழுத வேண்டியது என்று காதர் கேலி செய்கிறான். அதுவரை பொறுத்திருந்தால் நான் செய்த தப்பை நீங்களும் ஒரு முறை செய்து முடித்திருப்பீர்கள். பாரமானி பார்ப்பது, மழைமானியை ஊற்றி அளப்பது எல்லாவற்றையும் காதர் சொல்லித் தருவான். கருவியில் இல்லாத சங்கதி ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: அளப்பதே உங்கள் வேலை. நான் சிரித்தேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கிழவர்கள் என்று நினைத்தேன். கல்லூரியில் படித்ததெல்லாம் தலைக்குள் குதித்துக்கொண்டிருந்த நேரம். அணு உடைகிறது, ஆற்றைத் தடுத்து அணை எழும்புகிறது, நம் நாடு நம் கைக்கு வந்துவிட்டது. ஒரு மேகம் மட்டும் நம் பேச்சைக் கேட்காதா?

நிலையத்துக்கு வடமேற்கே மூன்று மைலில் நரிப்பொட்டல் என்று ஒரு கண்மாய்க் கிராமம். புரட்டாசி பிறந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். ஊர்ப் பெரியவரை அம்பலம் என்று கூப்பிடுவார்கள். அவர் கண்மாய்க் கரையில் வேப்ப நிழலில் இருந்தார். கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், மதுரைப் பக்கத்திலிருந்து வந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் பகுதியில் மழை வந்த பிறகு விதைக்க மாட்டார்கள். புரட்டாசியில் காய்ந்த புழுதியை உழுது, அந்தப் புழுதியிலேயே நெல்லைப் போட்டு மூடிவிடுவார்கள். ஐப்பசி மழைக்காக விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். அந்த வருஷம் அதற்குக்கூட ஊருக்குத் தைரியம் இல்லை. முந்தின வருஷமும் பொய்த்திருந்தது. நெல் சேமிக்கும் மண் குலுக்கையின் அடியில் கிடந்த நெல்தான் கடைசி விதை. அதையும் போட்டுவிட்டுப் போனால் அப்புறம் ஊரில் விதை என்று ஒன்று கிடையாது.

“நீங்க விதைங்க, அம்பலம். மழையை நான் கொண்டு வாரேன்.”

அப்படியேதான் சொன்னேன். சொன்ன வாய் இன்னும் எனக்குக் கசக்கிறது.

கூட்டத்தில் இருளாயி அக்கா இருந்தார். புருஷன் இறந்து, ஒற்றை ஆளாக ஒன்றரை ஏக்கர் உழுகிறவர். அவர் கேட்டார்: “எம்புட்டு மழை கொண்டு வருவீக தம்பி?”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது கேலி என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு யாரும் கேட்காத ஒரே நல்ல கேள்வி அதுதான்.

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் புழுதியில் விதை போட்டது. இருளாயி அக்கா குலுக்கையைக் கவிழ்த்துத் தட்டியதை நானே பார்த்தேன். ஒரு மணி மிச்சமில்லை.

உப்பளத்திலிருந்து உப்பு வந்தது. பெண்கள் உரலில் போட்டு மாவாக இடித்தார்கள். கண்மாய்க் கரை நெடுக ஒன்பது இடத்தில் பனை ஓலையும் கருவேல விறகும் குவித்தோம். பிற்பகலில் மேகம் கூடும் நாளாகப் பார்த்துத் தீ வைத்து, உப்புத் தூளை வீசி, புகையோடு மேலே அனுப்புவது திட்டம். நான்கு நாள் மேகம் கூடியது, கலைந்தது. ஊர்க்காரர்கள் நம்பிக்கை இழக்கவில்லை. காலையில் வேலைக்கு வந்தால் நம் நிலையத்து வாசற்படியில் யாரோ ஒரு பிடி உப்பு வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கோயில் படியில் வைப்பதுபோல. எனக்கு அது பெருமையாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஐந்தாம் நாள்.

மூன்றரை மணிக்கு வானம் ஈயப் பாத்திரத்தின் அடிபோல ஆனது. காற்று நின்றுபோயிற்று. அதுவரை கத்திக்கொண்டிருந்த காக்கைகள் இறங்கி வந்து, வெடித்த கண்மாய்க்குள் தரையில் உட்கார்ந்தன. அவ்வளவு காக்கைகள், ஒரு சத்தமில்லை. ஒன்பது தீயும் எரிந்தன. புகை ஒன்பது தூணாக நேரே எழுந்தது. கூடை கூடையாக உப்பை வீசினோம். நெருப்பு மஞ்சளாகியது. நான் பார்த்த எந்த மஞ்சளும் இல்லை அது. அந்த வெளிச்சத்தில் சிவப்பே செத்துவிடும். சேலையின் சிவப்பு சாம்பலாயிற்று. உதடுகள் கறுத்தன. அம்பலத்தின் நெற்றிக் குங்குமம் கரிப்பொட்டாகத் தெரிந்தது.

“தம்பி,” என்றார் இருளாயி அக்கா மெதுவாக, “நாம எல்லாரும் பொணமாத் தெரியிறோம்.”

உப்பு எரிந்தால் அப்படித்தான் ஆகும், அதற்குக் காரணம் இருக்கிறது, பாடத்தில் படித்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது மழை விழுந்தது. இடி இல்லை, மின்னல் இல்லை, காற்று இல்லை. பெரிய பெரிய சொட்டாக, எண்ணி எண்ணிப் போடுவதுபோல விழுந்து, பிறகு கனத்தது. அரை மணி நேரம். யாரும் கூத்தாடவில்லை, குலவை போடவில்லை. எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். கூட்டத்தில் ஒரு குரல், “கரிக்குது,” என்றது. இன்னொரு குரல், “இல்ல, நல்ல தண்ணிதான்,” என்றது. நானும் நாக்கை நீட்டினேன். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரை எனக்கு நிச்சயமில்லை.

ஒரு வாரத்தில் நரிப்பொட்டல் பச்சையாகியது. சுற்றிலும் செத்த நிலம், நடுவில் ஒரு துண்டுப் பச்சை. கண்மாய்க்கு மேற்கே இருக்கும் பக்கத்து ஊரில் ஒரு துளி இல்லை. அங்கே போட்ட விதை புழுதிக்குள்ளேயே கிடந்தது. அந்த ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று எங்கள் பச்சையைப் பார்ப்பார்கள். நான் சைக்கிளில் போனால் வழியை விட்டு ஒதுங்கினார்கள். ஒரு வீட்டில் நான் வருவதைப் பார்த்து உப்புப் பானையை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் மேகம் வரவில்லை.

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. புரட்டாசி முடிந்தது, ஐப்பசி பாதி போயிற்று. வானம் கழுவி வைத்த பீங்கான் மாதிரி இருந்தது. நான் தினமும் போய்த் தீ வைத்தேன். மேகமே இல்லாத வானத்துக்கு உப்பு வீசினேன். முதலில் ஊரே வந்தது, அப்புறம் பத்துப் பேர், அப்புறம் நானும் இருளாயி அக்காவும் மட்டும். பயிர் பச்சையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து வெள்ளையாகியது. காற்று அடித்தால் வயல் முழுக்க ஒரு சத்தம் வரும், காய்ந்த தாளைக் கசக்குவதுபோல. ஆளில்லாத வயலில் யாரோ நடப்பதாகத்தான் தோன்றும்.

அக்கா குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். வேரடியில் நெல்லின் உமித்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“உள்ள இருந்த அரிசியைத் தின்னுட்டு மொளைச்சிருச்சு. இனி இது நெல்லும் இல்ல, பயிரும் இல்ல.”

“அக்கா…”

“புழுதியில கெடந்திருந்தா கெடந்திருக்கும் தம்பி. காய்ஞ்ச மண்ணு வெதையக் கொல்லாது. அரை மழைதான் கொல்லும்.”

ஐப்பசிக் கடைசியில் மழை வந்தது. சுமாரான மழை. பக்கத்து ஊரில் புழுதிக்குள் காத்திருந்த விதை முளைத்தது, ஒரு வயிற்றுக் கஞ்சிக்காவது தேறியது. நரிப்பொட்டலில் முளைக்க எதுவும் மிச்சமில்லை. இருளாயி அக்கா உப்பளத்துக்கு வேலைக்குப் போனார்.

இனிமேல்தான் உங்கள் தொழில் சம்பந்தப்பட்டது.

என் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதிவேடுகளை மறுபடி இறக்கினேன். நான் படம் போட்டபோது ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையை மட்டும்தான் கூட்டியிருந்தேன். புரட்டாசியில் தனியாக விழுந்த மழைகள் என் அழகான அலையைக் கெடுத்தன. அதனால் அவற்றின் பக்கத்தில் பென்சிலால் ‘தனித்த மழை, சேர்க்க வேண்டாம்’ என்று நானே எழுதிவைத்திருந்தேன். இப்போது அந்தப் பென்சில் குறிகளை மட்டும் தேடிப் போனேன். அவை பள்ளத்து வருஷங்களில்தான் இருந்தன. பள்ளத்து வருஷம் என்றால் புரட்டாசியில் ஒரு மழை, பிறகு நீண்ட வெறுமை. ஒவ்வொரு பள்ளத்திலும் அதுவே. நான் கொண்டு வந்ததாகச் சொன்ன மழை, நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வந்துகொண்டிருந்தது.

அது போதாதென்று காதர் வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். நான் எண்களை மட்டும் படித்திருந்தேன். அவன் ஓரத்தில் இருக்கும் குறிப்புக் கட்டத்தைப் படித்தான்.

“மாப்ளே. இங்க பாரு.”

பழுப்பு மையில், யாரோ ஒருவர் கையெழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது: வடமேற்கே நிலத்தின் மேல் புகை. காற்று இல்லை.

அடுத்த பள்ளத்து வருஷத்தைப் புரட்டினோம். வேறு கையெழுத்து. வடமேற்கே நிலத்தின் மேல் புகை. காற்று இல்லை. அதற்கடுத்ததில் நீல மை, அதே வார்த்தைகள். காதர் நடப்பு வருஷத்துப் பதிவேட்டை எடுத்தான். நான் கண்மாய்க் கரையில் தீ போட்டுக்கொண்டிருந்த ஐந்தாம் நாள் நிலையத்தில் கடமையில் இருந்தவன் அவன். குறிப்பு எழுதியது அவன் கை. திறந்து வைத்தான். அதே வார்த்தைகள், அதே வரிசை.

“வல்லாஹி, அல்லா மேல ஆணை, நான் இதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாத்ததே இல்லடா.” “நாம நோட்டுல எழுதுறோமா, நோட்டு நம்மள எழுதுதா?”

பிற்பகல் இரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்துகிறது. எங்கள் இருவருக்கும் குளிர்ந்தது. நான் பதிவேட்டை மூடிவிட்டு நேரே அம்பலத்திடம் போனேன்.

“காய்ஞ்ச வருசமெல்லாம் யாராச்சும் வருவாக,” என்றார், சாதாரணமாக. “எங்க அய்யா காலத்துல ஒரு சாமியாரு வந்து வேள்வின்னாரு. அப்பறம் ஒருத்தர் வெடி போட்டா மேகம் ஒடையும்னாரு. எல்லாம் அந்தக் கரையிலதான். பொகை போடுவாக, ஒரு மழை பெய்யும்.”

“பெஞ்ச பிறகு?”

“காய்ஞ்சு போகும்.”

“இது தெரிஞ்சுமா விதைச்சீங்க?”

“நீங்க படிச்சவுக. இந்தத் தடவை வேற மாதிரி இருக்கும்னு நெனச்சோம்.”

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்தப் பெரிய சுற்றை வெளியே நின்று உடைக்கப் போனவன் நான். ஆனால் பள்ளம் வந்தால் பொட்டலில் ஒருவன் தீயோடு வருவதும், ஊர் அவனை நம்பி விதைப்பதும், அந்தச் சுற்றோடு சேர்ந்தே சுற்றிவருகின்றன. வெளியே நிற்க இடமே இல்லையோ என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் சில நாள் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். எண்களைப் பார்த்தால் அது வழக்கமாக வரும் மழை. சரி. அப்படியானால் பக்கத்து ஊரில் ஏன் ஒரு துளி விழவில்லை? நம் நிலையத்து மானியை லேசாக நனைத்த மழை, என் புகை நின்ற இடத்தில் மட்டும் ஏன் கனத்தது? பழைய பள்ளங்களிலும் புகை இருந்திருக்கிறதே, அப்போது மழையைக் கொண்டு வந்தது புகையா, மேகத்தைப் பார்த்துத்தான் அவர்களும் புகை போட்டார்களா? மேகம் கூடிய நாளாகப் பார்த்துத் தீ வைத்துவிட்டு, தீயால் மழை வந்தது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வரவில்லை என்று சொல்லத்தான் என்ன உரிமை?

பயிர் செத்த பிறகும் வாசற்படியில் உப்பு வந்துகொண்டிருந்தது. சாபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் விடியும்போதே வந்து காத்திருந்தேன். இருளாயி அக்கா. உப்பளத்துக்குப் போகிற வழியில் மடியிலிருந்து எடுத்து வைத்தார்.

“என்னைத் திட்டணும்னா நேர்லயே வையுங்கக்கா.”

“ஒங்கள வஞ்சு எனக்கு என்ன மொளைக்கப் போகுது?” என்றார். “நீங்க சோலியை விட்டுட்டு ஓடிப்போயிருவீகளோன்னு, கடனை ஞாபகப்படுத்தத்தான் உப்பு வைக்கிறேன். அந்த மழை நீங்க கூப்பிட்டு வந்துச்சா, அதுவா வந்துச்சா?”

“தெரியலக்கா.”

“கூப்பிட்டு வந்துச்சுன்னா இனி எவனையும் கரையில தீ வைக்க விடமாட்டேன். அதுவா வந்துச்சுன்னா, பொகையப் பாத்து வெதைக்க மாட்டேன். ரெண்டுல எதுன்னு தெரியாம நான் எந்த நம்பிக்கையில திரும்ப மண்ணுல கையை வைக்க? கண்டுபிடிச்சுச் சொல்லிட்டுப் போங்க.”

அதைத்தான் இந்தப் புரட்டாசியில் செய்யப் போகிறோம். பள்ளம் இன்னும் முடியவில்லை. முதல் நிபந்தனை ஊர் போட்டது: ஐப்பசி மழை நின்று பெய்து கண்மாயில் தண்ணீர் தெரியும்வரை ஒரு மணி விதைகூடக் குலுக்கையை விட்டு இறங்காது. வருஷம் முழுக்க உப்பளத்தில் நின்று இருளாயி அக்கா போன்றவர்கள் சேர்த்த விதைநெல் அது. இரண்டாம் நிபந்தனை என்னுடையது. மேகம் கூடும் ஒவ்வொரு பிற்பகலும் கரையில் ஒரு காசைச் சுண்டுவோம். தலை விழுந்தால் தீ, பூ விழுந்தால் தீ இல்லை. இப்படிப் பல நாள், வேண்டுமானால் பல வருஷம் செய்தால், தீ வைத்த நாளையும் வைக்காத நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதைக் கேட்டு அம்பலம் எழுந்தே நின்றுவிட்டார். “மேகம் தலைக்கு மேல நிக்கும். வெறகு அடுக்கியிருக்கும். உப்பு இடிச்சிருக்கும். காசு பூ விழுந்துச்சுன்னு கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? என்ன மனுசன்யா நீரு!”

அவர் கோபம் நியாயம். பூ விழுந்த நாளில் நானே கையைக் கட்டிக்கொண்டு நிற்பேனா என்று எனக்குச் சந்தேகம். அதனால் காசைச் சுண்டும் வேலை என்னிடம் இல்லை.

உங்கள் வேலை இது. நீங்கள் மூன்று பேரும் நிலையத்தில் மழைமானியை அளப்பீர்கள். பக்கத்து ஊரிலும் கரையிலும் இரண்டு மானி வைத்திருக்கிறோம், அவற்றையும் முறை வைத்து மறுநாள் காலையில் நீங்களே போய் அளப்பீர்கள். அன்றைக்குத் தீ எரிந்ததா இல்லையா என்பது அளக்கிறவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால், ஆசைப்படுகிற கண் ஒரு கோடு கூட்டிப் படிக்கும். என் கண் அப்படித்தான் படித்தது. ஒன்பது குவியலையும் எரித்தாலும் எரிக்காவிட்டாலும் நீங்கள் வருமுன் சாம்பல் போட்டு மூடிவிடுவார்கள். வடமேற்கு ஜன்னலில் காதர் பலகை அடித்துவிட்டான். ஏன் அடித்திருக்கிறது என்று நேற்றுக் கேட்டீர்கள் அல்லவா, அதற்குத்தான். புகை வாடைக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. மூக்கிலும் பலகை அடித்துவிடலாம் என்கிறான் காதர்.

மழை விழுந்தால் எழுதுங்கள். விழாவிட்டால் பூஜ்யம் எழுதுங்கள். எழுதின பிறகு எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலைக் கொண்டு போகாதீர்கள்.

நாளை மறுநாள் புரட்டாசி முதல் நாள். தென்மேற்கே மேகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வதாகக் காதர் சொல்கிறான். நேற்று மாலை கரையில் எல்லாரையும் கூட்டிக் காசைக் கொடுத்தேன். யாரும் கை நீட்டவில்லை. தலை விழுந்தால் யார் வேண்டுமானாலும் தீ வைத்துவிடுவார்கள், ஆனால் பூ விழுந்த நாளில் ஊரின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. கடைசியில் இருளாயி அக்கா வந்தார். கையில் உப்புப் பூத்திருந்தது. காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

“தீ வைக்க ஆளு இருக்கு,” என்றார். “தீ வைக்காம நிக்க நான் வாரேன்.”